நான்காம் மாடி சர்ஜிக்கல் வார்டு: ஒரு பழைய சிஸ்டரின் மதிப்புரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நர்சிங்குக்கு ஐந்துக்கு நான்கு. சாப்பாட்டுக்கு இரண்டு, அதுவும் இட்லிக்காக. பில்லிங் கவுண்டருக்கும் இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்கும் சேர்த்து ஒன்று. பார்க்கிங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். பெயர் போட்டால் எந்த ஷிஃப்டில் யார் இருந்தார்கள் என்று தேடிப் பிடித்து ஏதாவது ஒரு சின்னப் பெண்ணைத்தான் திட்டுவார்கள். நிர்வாகத்துக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்து மாடி, வரவேற்பறையில் மீன் தொட்டி, என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தரச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய தனியார் மருத்துவமனை. இப்படி ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். அங்கே வீட்டு ஆளைச் சேர்த்தால் வார்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். சர்வீஸில் பெரும்பகுதி சர்ஜிக்கல் வார்டு. இந்த முறை யூனிஃபார்ம் இல்லாமல், ஃபிளாஸ்க்கும் போர்வையுமாக அட்டெண்டராகப் போனேன். நோயாளி என் வீட்டுக்காரர். அறுபத்தாறு வயது, சர்க்கரை, பி.பி., பித்தப்பையில் கல். லேப்பராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாக, ஆரம்பித்து, பித்தப்பை வீங்கி ஒட்டிக் கிடந்ததால் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். அதனால் வெளியே வரும்போது வயிற்றுக்குள் தேங்குவதை வடிக்க ஒரு டிரெயின் குழாய், ஒரு சிறுநீர் டியூப், கையில் டிரிப்ஸ் எல்லாமாக வந்தார். நான் நர்ஸ் என்று வார்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்மிடம் ஒரு முகத்தைக் காட்டுவார்கள், நடப்பது தெரியாது.

அட்மிஷன் அன்று கேள்விகளுக்குக் குறைவில்லை. அலர்ஜி உண்டா என்று மூன்று பேர் கேட்டார்கள். கீழே விழும் அபாயத்துக்கு ஒரு படிவம், படுக்கைப்புண் அபாயத்துக்கு பிராடன் ஸ்கோர், வலிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. எங்கள் காலத்தில் இவ்வளவு இல்லை, இருப்பது நல்லதுதான். சேர்த்த சிஸ்டர் வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளைப் பட்டையோடு வாங்கிப் பார்த்து, மெட்டோபிரோலால் 50 என்ற பி.பி. மாத்திரையைத் தன் கையால் எழுதி, அன்றைய பி.பி. 150-க்கு 90 என்றும் குறித்துக்கொண்டார். ஆபரேஷன் அன்று காலையிலும் அந்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கச் சொன்னார்கள். இந்த இரண்டு வரிகளும் பின்னால் எவ்வளவு உதவின என்று சொல்கிறேன்.

குறை எங்கே என்றால், படிவம் நிரப்புவதே வேலை என்று ஆகிவிட்ட இடங்களில். பிராடனில் முழு மதிப்பெண் 23, எண் கூடினால் அபாயம் குறைவு. சேர்ந்த அன்று நடந்து வந்த மனிதருக்கு 23 போட்டார்கள், சரி. ஆபரேஷன் முடிந்து, திரும்பிப் படுக்கவே ஆள் தேவைப்பட்டவருக்கும் அதே 23. முந்தைய நாள் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதைவிட மோசம், சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை. காலை 18, மதியம் 18, மாலை 18. பக்கத்துக் கட்டிலில் ஆஸ்துமாக்காரர்; அவருக்கும் 18. இந்த வியாதி அரசு மருத்துவமனையிலும் உண்டு, நான் இன்சார்ஜாக இருந்தபோது இதற்காகவே சண்டை போட்டிருக்கிறேன். பி.பி.க்கு மெஷின் இருக்கிறது, ஆக்சிஜன் அளவுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒரு ஆள் ஒரு நிமிடம் சும்மா நின்று மார்பைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. உடம்புக்குள் கோளாறு தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்த எண்தான்.

பகல் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் நர்சிங் ஸ்டேஷனிலேயே நடந்தது. கட்டிலுக்கு யாரும் வரவில்லை. "407 ஸ்டேபிள், 408 டிஸ்சார்ஜ், 409 இன்னைக்கு ஆப்பரேட்டட், ஸ்டேபிள்." 409 எங்களுடையது. அந்த நேரத்துக்கு ஸ்டேபிள்தான், பொய் இல்லை.

இரவு பத்தரை இருக்கும். அவருக்கு நிலை கொள்ளவில்லை. போர்வையை உதைக்கிறார், தலையணையை மாற்றச் சொல்கிறார், மாற்றினால் பழையபடி வை என்கிறார். நெற்றியைத் தொட்டால் சில்லென்று வியர்வை. மணி அடிக்கலாம் என்று கை நீட்டும்போதே இரவு டியூட்டி சிஸ்டர் உள்ளே வந்துவிட்டார். கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் அடுத்த பத்து நிமிடம் செய்ததைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

"அய்யா, என்ன பண்ணுது?"

"என்னவோ பண்ணுது சிஸ்டர். சொல்லத் தெரியல."

"வலியா?"

"வலி இருக்கு. ஆனா அது இல்ல."

ஆபரேஷன் ஆனவர் புரண்டால் வலி என்று எடுத்துக்கொண்டு டிரமடால் போட்டுவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். கேஸ் ஷீட்டில் அதற்கு ஆர்டரும் இருந்தது. இந்தப் பெண் போடவில்லை. முதலில் விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார். 142. சர்க்கரைக்காரர், வியர்க்கிறது, தவிப்பு இருக்கிறது என்றால் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதிலும் மெட்டோபிரோலால் சாப்பிடுகிறவருக்கு சர்க்கரை இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அது இல்லை என்று ஆனது.

அடுத்து மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிற மாதிரியே இருந்தது. கண் அவர் மார்பில் இருந்தது. நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல் மூச்சை எண்ணினார், கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார் என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அதைச் செய்து பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! மூச்சு 24. நாடி 84. பி.பி. 108-க்கு 70. ஆக்சிஜன் 96. காய்ச்சல் இல்லை.

பிறகு சிறுநீர்ப் பையைப் பார்த்தார். ஒன்பது மணிக்குப் பிறகு 25 மில்லி, அதுவும் டீ டிகாஷன் நிறத்தில். எழுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 35 மில்லியாவது வர வேண்டும். கிலோவுக்கு அரை மில்லி என்பது கணக்கு. உடனே பதறவில்லை. டியூபைத் தொடையிலிருந்து பை வரை விரலால் தடவிக்கொண்டே வந்தார், எங்காவது மடங்கியிருக்கிறதா, அவர் மேலேயே படுத்திருக்கிறாரா என்று. அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார், மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா என்று. இல்லை. அப்போது சிறுநீரே ஊறவில்லை என்றுதான் அர்த்தம். டிரெயின் பாட்டிலில் 40 மில்லி, சாயங்காலம் இருந்த அளவேதான். கால் பாதத்தைத் தொட்டார், சில்லென்று இருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்தது சிவக்க நேரம் எடுத்தது. கண் இமையைக் கீழே இழுத்து, உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார்.

இங்கேதான் ஒரு நல்ல நர்ஸுக்கும் நல்ல படிவத்துக்கும் வித்தியாசம் தெரியும். அந்த மருத்துவமனையில் நியூஸ் (நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்) என்ற சார்ட் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. நாடி, மூச்சு, பி.பி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் ஆள் எவ்வளவு மோசம் என்று சொல்லும். நல்ல கருவி. மூச்சு 24-க்கு இரண்டு, மேல் பி.பி. 108-க்கு ஒன்று, மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் மூன்று. மொத்தம் ஐந்து வந்தாலோ, ஏதாவது ஒன்றுக்கே மூன்று வந்தாலோதான் அவசரமாக டாக்டரைக் கூப்பிட வேண்டும். இப்படிச் சேர்ந்து வந்த மூன்று என்பது குறைந்த அபாயம், சிஸ்டர் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். பல வார்டுகளில் சார்ட்டில் மூன்று என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்கள். எழுதியதில் தப்பும் சொல்ல முடியாது.

அவர் கேஸ் ஷீட்டைப் பின்னால் புரட்டி அட்மிஷன் பக்கத்துக்குப் போனார். 108 என்பது பொதுவாக நல்ல பி.பி.தான், 150-ல் இருக்கிற மனிதருக்கு அது சரிவு. நாடி 84 என்பதும் நார்மல்தான். ஆனால் மெட்டோபிரோலால் இதயத்தைக் கடிவாளம் போட்டுப் பிடித்திருக்கிறது. உடம்புக்குள் ரத்தம் கசிந்து போகும்போது இதயம் 120-க்கு ஓட வேண்டும், ஓடவிடாமல் மாத்திரை தடுக்கிறது. சார்ட் அந்த 84-க்குப் பூஜ்யம் போட்டது. டிரெயினில் ரத்தம் வரவில்லையே என்று கேட்கலாம். கட்டி அடைத்துக்கொண்டால் வராது. டிரெயின் காலியாக இருப்பதால் உள்ளே கசிவு இல்லை என்று ஆகிவிடாது.

எங்கள் அறைக்கு வெளியே சுவர் ஓரமாக நின்று டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தார். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"டாக்டர், 409 பேஷண்ட் மோசமாகிறார்னு தோணுது. ஓப்பன் கால்பிளாடர், முடிஞ்சு பத்து மணி நேரம் ஆச்சு. டயபட்டிக், மெட்டோபிரோலால் காலைல கொடுத்திருக்கு. மூச்சு 24, பி.பி. 108-க்கு 70, வந்தப்ப 150. பல்ஸ் 84-தான், அதை நம்ப முடியாது. யூரின் ஒண்ணரை மணி நேரத்துல 25 மில்லி, டியூப் அடைப்பு இல்ல. சுகர் 142. கை கால் சில்லுனு இருக்கு, நிலை கொள்ளாம இருக்கார். உள்ள பிளீடிங்கா இருக்கும்னு சந்தேகப்படறேன். நீங்க இப்ப வந்து பாக்கணும். அதுக்குள்ள ஹெச்.பி.க்கும் கிராஸ் மேட்ச்சுக்கும் பிளட் எடுத்து வைக்கட்டுமா?"

ஹெச்.பி. என்றால் ஹீமோகுளோபின்; கிராஸ் மேட்ச் என்றால் ஏற்றப் போகும் ரத்தம் பொருந்துமா என்ற சோதனை. இதெல்லாம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, என்ன வேண்டும் என்ற வரிசை. எஸ்.பி.ஏ.ஆர். என்று இதற்குப் பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கி, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. எங்கள் தலைமுறை இதில் மூன்றாவதைச் சொல்லவே பயப்படும். "பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார் டாக்டர், கொஞ்சம் வந்து பாக்கறீங்களா" என்று இழுப்போம். எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று ஒரு நர்ஸ் டாக்டரிடம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் நாங்கள்.

டாக்டர் வந்தார், சர்ஜனும் வந்தார். முந்தைய நாள் 13.2 இருந்த ஹீமோகுளோபின் 9.6. ஸ்கேனில் கல்லீரலுக்கு அடியில் ரத்தம் தேங்கியிருந்தது. நள்ளிரவு தாண்டி மறுபடி தியேட்டர், பித்தப்பை இருந்த இடத்திலிருந்து கசிவு, நிறுத்தினார்கள், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இத்தகைய கசிவு அரிதாக நடக்கக்கூடியதுதான். சர்ஜனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலை ரவுண்ட்ஸில்தான் தெரிந்திருந்தால், பி.பி. 70-க்கு இறங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

நர்ஸ்களின் யோசனையைப் பற்றி கிறிஸ்டின் டேனர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 2006-ல் ஒரு மாதிரியை முன்வைத்தார். கவனிப்பது, அர்த்தம் பிடிப்பது, செயலில் இறங்குவது, பிறகு திரும்பி யோசிப்பது என்று நான்கு படி. எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பில் இதை எடுத்தார்கள், பாதிப் பேர் தூங்கிவிட்டோம். அதில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு நின்றது: நர்ஸ் எதைக் கவனிக்கிறார் என்பது, அந்த நோயாளி வழக்கமாக எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரிவதைப் பொறுத்தது. 150 என்ற அந்தப் பழைய எண் தெரியாமல் இருந்தால் 108 யார் கண்ணையும் உறுத்தியிருக்காது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் மாற்றிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் உடல் பரிசோதனைக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் அதைப் படித்து வருகிறார்கள் என்றால் நல்லது. மூச்சை எண்ண நிற்பதற்கு அவர்களுக்கு நேரமும் கொடுக்க வேண்டும். அன்று இரவு அந்தப் பக்கத்து இருபது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள். எங்களிடம் அவர் செலவழித்த நேரம் முழுக்க மற்றவர் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்.

மீதி நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.சி.யூ.வில் எல்லாம் ஒழுங்கு. வார்டுக்குத் திரும்பியதும், காலையில் வரும் மூத்த சிஸ்டர் ஒருவர் தினமும் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டார், கையில் ஊசிக் குழாய் போட்ட இடம் சிவந்ததும் அன்றே எடுத்து வேறு கையில் போட்டார், "காத்து பிரிஞ்சுதா அய்யா?" என்று கூச்சமில்லாமல் விசாரித்தார். வலி எவ்வளவு என்று படுத்திருக்கும்போது கேட்காமல், இருமச் சொல்லிவிட்டுக் கேட்டார். சும்மா படுத்திருப்பவருக்கு வலி இரண்டுதான் இருக்கும், இருமினால் ஏழு. இருமப் பயந்தால் சளி தேங்கும்.

அந்தச் சளிக்காகத்தான் மூன்று பந்து மெஷின் கொடுப்பார்கள். மதிய டியூட்டியில் ஒரு பெண் அதைக் கொண்டுவந்து "நல்லா ஊதுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது ஊதுவதற்கானது இல்லை, உறிஞ்சுவதற்கானது. மூச்சை உள்ளே இழுத்தால்தான் பந்து எழும்பும், நுரையீரல் விரியும். எதிரில் இருந்த ஆள் இரண்டு நாளாக ஊதிக்கொண்டே இருந்தார், பந்து அசையவில்லை, மெஷின் ரிப்பேர் என்று அவர் மகன் பார்மசியில் சண்டை போட்டான். நான்தான் போய்க் காட்டினேன். மருத்துவமனை பில்லில் அந்த மெஷினுக்கு எம்.ஆர்.பி. விலை முழுசாகப் போட்டிருந்தார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, திரும்பச் செய்ய வைத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

டிஸ்சார்ஜ்தான் பலவீனமான இடம். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததே அதற்காகத்தான். இன்ஷூரன்ஸ் ஒப்புதலுக்குச் சாயங்காலம் வரை காக்க வைத்துவிட்டு, வந்ததும் கட்டிலைக் காலி செய்ய அவசரப்படுத்தினார்கள். மாத்திரை விளக்கம் "இது காலைல, இது நைட்டு, இது வலிச்சா" என்பதோடு முடிந்தது. பித்தப்பை எடுத்தவர் வீட்டுக்குப் போனபின் கண் மஞ்சளானாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலோ உடனே வர வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை, தாளிலும் இல்லை. மாத்திரைப் பட்டியலில் மெட்டோபிரோலால் காணோம். ரத்தக்கசிவு அன்று நிறுத்தியது, நிறுத்தினபடியே கிடந்திருக்கிறது. பல வருடம் சாப்பிட்ட இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் நாடியும் பி.பி.யும் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். கேட்ட பிறகு டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, பாதி அளவிலிருந்து தொடங்க எழுதிக் கொடுத்தார். கேட்கத் தெரியாதவர்கள் அந்தத் தாளை அப்படியே மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். அட்மிஷன் அன்று அவ்வளவு கவனமாக எழுதிய பட்டியல் அதே கேஸ் ஷீட்டில்தான் இருந்தது, டிஸ்சார்ஜ் தாளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஆள் இல்லை.

நீங்கள் யாரையாவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால், மாத்திரைப் பட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். "இவருக்கு வழக்கமா பி.பி. இவ்வளவு இருக்கும்" என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதல் நாள் சார்ட்டை எட்டிப் பாருங்கள்; எல்லாக் கட்டத்திலும் மூச்சு ஒரே எண்ணாக இருந்தால் கொஞ்சம் விழிப்பாக இருங்கள். உங்கள் ஆள் "என்னவோ பண்ணுது" என்றால் வெட்கப்படாமல் மணி அடியுங்கள்.

பில்லில் நர்சிங் சார்ஜ் என்று ஒரு நாளைக்கு 600 ரூபாய் போட்டிருந்தார்கள். அறைக்கு டி.வி.யோடு அதைப்போல ஆறு மடங்கு. அந்த 600-ல் அந்தப் பெண் கைக்கு எவ்வளவு போகும் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாததா. இரவில் நர்சிங் ஸ்டேஷனில், வெளிநாட்டு மருத்துவ வேலைக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் புத்தகத்தை அவர் விரித்து வைத்திருந்தார். அயர்லாந்தோ இங்கிலாந்தோ போகப் போகிறார். போகட்டும், நன்றாக இருக்கட்டும்.

கிளம்பும்போது கருத்துப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அறை சுத்தமாக இருந்ததா, உணவு சூடாக இருந்ததா, செவிலியர் புன்னகையுடன் பேசினாரா, எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட வேண்டும். அன்று இரவு அந்தப் பெண் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஐந்து நட்சத்திரத்தையும் நிரப்பிவிட்டு, தாளைத் திருப்பி மூன்று கோரிக்கை எழுதினேன். ஹேண்டோவரைக் கட்டிலருகே நடத்தவும். டிஸ்சார்ஜ் மாத்திரைகளை அட்மிஷன் பட்டியலோடு ஒப்பிட ஒருவரைப் பொறுப்பாக்கவும். அறைக்கு அறை டி.வி. மாட்டியிருக்கிறீர்கள், நொடி முள் உள்ள சுவர்க் கடிகாரம் ஓர் அறையிலும் இல்லை. கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒவ்வொன்று வாங்கி மாட்டவும்.